ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு நகம் உண்டா, இல்லையா?

பெரியபட்டினம் வலைக்காரன்:
மண்டபத்து ஆசிரியர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "ஆவுளியாவின் துடுப்பில் யானையின் நகங்களை இன்றும் காணலாம், யானை கடலில் இறங்கி ஆவுளியாவாக மாறியது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?" என்பது அவருடைய வாசகம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, நான் சிறுவனாக இருந்தபோது, வலையில் மாட்டி இறந்த ஆவுளியா ஒன்றை எங்கள் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் துடுப்பை இரு கைகளாலும் பிடித்து விளிம்பு முழுவதும் தடவிப் பார்த்தவன் நான். ஊறிய தோல்செருப்பைப் போல வழவழவென்று இருந்ததே தவிர, நகம் என்று சொல்லத்தக்க எதுவும் கையில் தட்டுப்படவில்லை. அறுத்தபோது உள்ளே நம் கையில் உள்ளதைப் போலவே ஐந்து விரல்களின் எலும்புகள் வரிசையாக இருந்தன. அவற்றின் நுனியிலும் நகம் இல்லை. இல்லாத நகத்தின்மேல் கட்டிய பரிணாமக் கொள்கையை எங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

மண்டபத்து ஆசிரியர்:
முப்பத்து நான்கு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஒரு சிறுவன் கரையில் எதைத் தடவினான் என்பது சான்றாகாது என்பதைத்தான் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். யானைக்கும் ஆவுளியாவுக்கும் உள்ள உறவை நான் கனவில் கண்டு எழுதவில்லை. இரண்டுக்கும் பால்மடி முன்னங்கால்களை ஒட்டியே அமைந்திருக்கிறது. பசுவைப் போலப் பின்கால்களுக்கு நடுவில் இல்லை. இரண்டிலும் ஆணின் விந்தகங்கள் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. யானையின் தந்தம் வெட்டுப்பல்லின் நீட்சி. வளர்ந்த ஆண் ஆவுளியாவின் சிறு தந்தமும் வெட்டுப்பல்தான். இவ்வளவும் ஒத்துப்போகும்போது நகம் மட்டும் எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? நகம் உண்டு. நேற்றும் எழுதினேன், இன்றும் எழுதுகிறேன்.

கீழக்கரை வாசகன்:
வலைக்காரக் காக்கா (அண்ணா), ஆசிரியர் சொன்னால் நகம் முளைத்தே தீரும். நீங்கள் வீணாக அந்தப் பிராணியைத் தடவியிருக்கிறீர்கள்.

தொண்டி மாணவி:
இருவரும் மன்னிக்க வேண்டும். நான் கடல்வாழ் உயிரியல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆவுளியாவின் துடுப்பில் நகம் இல்லை என்பது சரி. ஐயா அவர்கள் மானட்டீ என்னும் அதன் உறவினத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். கரீபியக் கடற்பகுதியிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழும் மானட்டீகளுக்கு நகம் உண்டு. அமேசான் ஆற்றில் வாழும் மானட்டீக்கு அதுவும் இல்லை. ஆனால் நகம் இல்லாததால் பரிணாமம் பொய்யாகிவிடாது. யானை கடலில் இறங்கி ஆவுளியாவாக மாறியது என்று எந்த ஆய்வாளரும் சொல்லவில்லை. யானைக்கும் ஆவுளியாவுக்கும் பொதுவான மூதாதை ஒன்று நிலத்தில் வாழ்ந்தது. அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பதே கருத்து. உங்கள் பெரியப்பா மகன் உங்களுக்குப் பிறந்தவர் அல்லர் அல்லவா? காக்கா அவர்கள் தம்மை அறியாமலேயே பெரிய சான்று ஒன்றைச் சொல்லிவிட்டார். நீந்துவதற்கு மட்டுமே பயன்படும் ஒரு துடுப்புக்குள், ஒருபோதும் விரித்து மடக்கப் போகாத ஐந்து விரல்களின் எலும்புகள் எதற்காக இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்.

பெரியபட்டினம் வலைக்காரன்:
தங்கச்சி, நகம் இல்லை என்று நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய். விவாதம் முடிந்தது. விரல் எலும்பைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது படைத்தவன் வைத்த எலும்பு. நாங்கள் நாட்டுப்படகில் போய் வருகிறவர்கள். கடலில் எது எதுவாக மாறுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? என் வாழ்நாளில் எந்த மீனும் வேறு மீனாக மாறியதை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்வது வெறும் கோட்பாடு.

தொண்டி மாணவி:
அறிவியலில் கோட்பாடு என்ற சொல் வெறும் ஊகத்தைக் குறிப்பதில்லை. சோதித்துத் தேறிய விளக்கங்களின் தொகுப்பையே...

கீழக்கரை வாசகன்:
சொற்பொருள் வகுப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அம்மா. நகம் உண்டா, இல்லையா?

மண்டபத்து ஆசிரியர்:
நேற்றுப் பள்ளியை விட்டு வெளியேறிய மாணவி எனக்கு மானட்டீ பாடம் எடுக்கும் காலம் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் காக்காவின் கேள்விக்கு அவர் சரியாக விடை சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒரு மனிதனின் அறுபது ஆண்டுக் கண்காணிப்பில் மீன் மாறவில்லை என்பது, ஒரு நொடி பார்த்துவிட்டுக் கடிகாரத்தின் சிறுமுள் நகரவில்லை என்று சொல்வதைப் போன்றது. ஜமைக்காவில் கிடைத்த பெசோசைரன் என்னும் கடற்பசுவின் புதைபடிவம் 2001ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்குக்கு நிலத்தில் நடக்கத்தக்க நான்கு கால்கள் இருந்தன. ஆனால் அதன் விலா எலும்புகள் கடற்பசுவினுடையவை போலக் கனத்து, நீரில் மூழ்கியிருக்க உதவும்படி அமைந்திருந்தன. இன்றைய ஆவுளியாவுக்குப் பின்கால்கள் இல்லை. இடுப்பெலும்பின் எச்சம் மட்டும் தசைக்குள் புதைந்து கிடக்கிறது. நம் நாட்டிலேயே கட்ச் பகுதியில் பழங்காலக் கடற்பசு இனங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. இவ்வளவையும் விட்டுவிட்டு நகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களோடு எப்படிப் பேசுவது?

பெரியபட்டினம் வலைக்காரன்:
நகத்தை முதலில் பிடித்தவர் தாங்கள்தான், ஐயா. மேலே போய்ப் பாருங்கள்.

தொண்டி மாணவி:
ஐயா சொன்ன பெசோசைரன் பற்றிய செய்தி முழுவதும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். யானை, கடற்பசு, ஹைராக்ஸ் என்னும் முயலளவு விலங்கு ஆகிய மூன்றும் ஒரே குழுவைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மூன்றுக்குள் யானைக்கு மிக நெருக்கமானது கடற்பசுவா, ஹைராக்ஸா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

பெரியபட்டினம் வலைக்காரன்:
கேட்டீர்களா? அவர்களுக்கே தெரியவில்லையாம்! யாருக்கு யார் அண்ணன், யார் தம்பி என்று முடிவாகாத குடும்பத்துக்கு இவர்கள் பத்திரம் எழுதுகிறார்கள்.

தொண்டி மாணவி:
அண்ணன் யார், தம்பி யார் என்று தெரியாததால் குடும்பமே இல்லை என்றாகுமா?

கீழக்கரை வாசகன்:
ஆசிரியருக்கு இது புதிதன்று. போன ஆண்டு கடல் அட்டை பற்றிய விவாதத்தில், அட்டை என்று பெயர் இருப்பதால் அது குளத்து அட்டையின் இனம்தான் என்று மூன்று நாள் அடித்துப் பேசினார். கடல் அட்டை நட்சத்திர மீனின் கூட்டம் என்று நான் எழுதியபோது, "வியாபாரம் பார்ப்பவர்கள் விலங்கியல் பேச வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

மண்டபத்து ஆசிரியர்:
பழைய கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். அப்போது நான் பெயரின் தோற்றத்தைப் பற்றித்தான் பேசினேன். வகைப்பாட்டைப் பற்றிப் பேசியிருந்தால், கடல் அட்டையானது குளத்து அட்டையைவிட முதுகெலும்புள்ள நமக்கே நெருங்கிய உறவு என்பதையும் நானே சொல்லியிருப்பேன். அது தெரியாமல் ஒருவர் ஏற்றுமதி செய்தார் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கீழக்கரை வாசகன்:
கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது 2001ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு என் வீட்டில் ஓர் அட்டை காய்ந்ததாகச் சொல்பவர் நேரில் வந்து சொல்லட்டும். யாரை ஏற்றுமதிக்காரன் என்கிறீர்கள்?

தொண்டி மாணவி:
தயவுசெய்து துடுப்புக்குள் இருக்கும் விரல்களுக்குத் திரும்புவோமா?

பெரியபட்டினம் வலைக்காரன்:
விரலுக்குத் திரும்பினால் நகத்துக்கும் திரும்ப வேண்டும். ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மண்டபத்து ஆசிரியர்:
பதில் தெளிவாகவே இருக்கிறது. என் முதல் பதிவில் "நகங்களைக் காணலாம்" என்றுதான் எழுதினேன். யார் காணலாம், எந்த வயதில், எந்தக் கருவியால் காணலாம் என்று நான் குறிப்பிடவில்லை. பொறுமையும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு அது புலப்படும். பற்களின் அமைப்பைப் பற்றி நாளை காலை விரிவாக எழுதுகிறேன். அதைப் படித்த பிறகும் ஐயம் இருந்தால் கேளுங்கள்.

பெரியபட்டினம் வலைக்காரன்:
பல்லைப் பற்றி நாளை எழுதுங்கள், ஐயா. நகத்தைப் பற்றி இன்றே எழுதுங்கள்.