முதலில் செயலியா, முதலில் ஸ்லைடா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தொழில்முனைவோர் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். சிறு பட்டறைகளில் எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்ற இயந்திரப் பராமரிப்பு வேலைகளை உரிய நாளில் நினைவூட்டி, செய்த வேலையைப் பதிவு செய்து வைக்கும் செயலியை மாதச் சந்தாவுக்குத் தரலாம் என்பது என் யோசனை. பயிற்சியின் முடிவில் முதலீட்டாளர்கள் முன் 10 நிமிடம் பேச வேண்டும். "இந்தச் சந்தையில் 1 விழுக்காடு கிடைத்தாலே போதும்" என்ற கணக்கோடு ஸ்லைடுகளின் முதல் வரைவு தயாராக உள்ளது. இனி அதை மெருகேற்றுவதா, அல்லது செயலியை உருவாக்கத் தொடங்குவதா?

மறுமொழி 1

இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் யோசனை முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: பட்டறைக்காரர்கள் பராமரிப்பை மறந்துவிடுகிறார்கள் என்பது அது. ஆனால், முடிக்க வேண்டிய ஆர்டர் தலைக்கு மேல் இருப்பதால், இயந்திரத்தை நிறுத்த மனமில்லாமல், தெரிந்தே தள்ளிப்போடுபவர்களாக அவர்கள் இருந்தால், எத்தனை முறை நினைவூட்டினாலும் பயன் இருக்காது.

இதை அறிய, "இப்படி ஒரு செயலி வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேராக யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கடைசியாக இயந்திரம் நின்றது எப்போது, எத்தனை மணி நேரம் வேலை கெட்டது, யாரை அழைத்தார்கள், எவ்வளவு செலவானது என்று நடந்ததைக் கேளுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி இப்போது எங்கே எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். இயந்திரத்தின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதப்பட்டு, பாதி அழிந்துபோன தேதி ஒன்றைப் படம் எடுத்து வந்தால், அதுவே உங்கள் முதல் ஸ்லைடாக இருக்கலாம்.

அடுத்து, செயலி இல்லாமலே சேவையை நடத்திப் பாருங்கள். 1999-இல் நிக் ஸ்வின்மர்ன், பின்னாளில் ஸாப்போஸ் ஆன காலணித் தளத்தைத் தொடங்கியபோது, கடைகளில் இருந்த காலணிகளைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டு, ஆர்டர் வந்த பிறகே அந்தக் கடைகளில் வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு ஜோடியிலும் லாபம் இல்லாவிட்டாலும், காலணியைப் போட்டுப் பார்க்காமலே மக்கள் வாங்குவார்களா என்ற கேள்விக்குக் கிடங்கு கட்டாமலே விடை கிடைத்தது. நீங்களும் சில பட்டறைகளுக்கு ஒரு விரிதாளையும் தொலைபேசியையும் வைத்து ஒரு மாதம் நினைவூட்டுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா யோசனைகளையும் கையால் நடத்திக் காட்ட முடியாது. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவையான டிராப்பாக்ஸைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன், 2008-இல், அது எப்படி இயங்கும் என்று காட்டும் ஒரு சிறு காணொளியை அதன் நிறுவனர்களில் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன் வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் 5,000-லிருந்து 75,000 ஆக உயர்ந்தது. ஆனாலும் பெயர் கொடுப்பது வேறு, பணம் கொடுப்பது வேறு. கேள்வி கேட்டவரின் வாடிக்கையாளர்கள் நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர்கள் என்பதால், அவருக்குக் கைவழிச் சோதனையே பொருந்தும்.

மறுமொழி 3

ஸ்லைடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் குறையாத எழுத்து என்பது, தொழில்முனைவு பற்றி எழுதும் முதலீட்டாளர் கை கவாசாகி சொன்ன விதி. உங்களுக்கு அதில் பாதி நேரம்தான் இருப்பதால் ஸ்லைடுகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 விழுக்காட்டுக் கணக்கை எடுத்துவிடுங்கள். மொத்தச் சந்தையிலிருந்து இப்படி வெட்டி எடுத்த எண்ணிக்கையை எந்த முதலீட்டாளரும் நம்புவதில்லை. ஒரு மாதத்தில் எத்தனை பட்டறைகளுக்குப் போக முடியும், அவற்றில் எத்தனை சந்தா செலுத்தும் என்று கீழிருந்து கட்டி வாருங்கள். ஒரு பட்டறையைச் சேர்க்க 900 செலவாகி, அதனிடமிருந்து மாதந்தோறும் 100 மிஞ்சினால், போட்ட காசு திரும்ப 9 மாதம் ஆகும். 6-ஆம் மாதத்திலேயே அவர்கள் விலகிவிட்டால், வாடிக்கையாளர் கூடக் கூட நட்டமும் கூடும்.

கேட்கும் தொகைக்கும் காரணம் வேண்டும். "விளம்பரத்துக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு" என்று பிரிப்பதோடு நிறுத்தாமல், அந்தப் பணம் தீரும்போது எந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பட்டறைகளுக்குச் செல்லத் தொடங்குகிறேன். ஒரு சிறு ஐயம்: போட்டியாளர்கள் பற்றிய ஸ்லைடில், இதே செயலியை வேறு யாரும் தரவில்லை என்று எழுதலாமா?

மறுமொழி 1

வேண்டாம். போட்டியே இல்லை என்றால், சந்தையே இல்லையோ என்ற எண்ணம்தான் கேட்பவருக்கு முதலில் வரும். அந்தச் சாக்பீஸும், செலவில்லாத ஒரு நோட்டுப் புத்தகமும் உங்கள் போட்டியாளர்களே; அவற்றை விட்டுவிட்டு மாதந்தோறும் பணம் கட்ட என்ன காரணம் என்பதை எழுதுங்கள். இயந்திரம் விற்கும் நிறுவனமே இந்த வசதியை இலவசமாகத் தந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் நிச்சயம் கேட்பார்கள். பல நிறுவனங்களின் இயந்திரங்கள் கலந்து கிடக்கும் பட்டறைகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால், அதற்கான பதில் உங்களுக்கு அங்கேயே கிடைக்க வாய்ப்புண்டு.