கண்டி முடியரசு நிலைத்திருந்தால்: ஒரு கற்பனை நாட்டுக் குறிப்பும் அதன் மீதான விவாதமும்

பாலாற்றங்கரையான்:

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று மறைந்தார். அவருடைய நினைவிடமே பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம். அவர் நம் ஊருக்கு வர நேராமல் போயிருந்தால் இலங்கை எத்தகைய நாடாகியிருக்கும் என்று எண்ணி, கீழ்க்காணும் குறிப்பை எழுதினேன்.

நாடு: இலங்கை முடியரசு. அரசிருக்கை கண்டியில், நாடாளுமன்றம் கொழும்பில். அரசர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபினர், புத்தரின் பல் காக்கப்படும் தலதா மாளிகையின் காவலர். ஆட்சி பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் உள்ளது. உண்மை வரலாற்றில் 1931-இல் வந்த அனைவருக்குமான வாக்குரிமை இங்கும் அதே ஆண்டில் வருகிறது. அரசருக்கு எஞ்சியிருப்பது ஒரே அதிகாரம்: சமயம், மொழி, குடியுரிமை ஆகியவற்றைத் தொடும் எந்தச் சட்ட வரைவையும் ஒருமுறை திருப்பி அனுப்பலாம், அது மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் மீண்டும் நிறைவேறினால்தான் சட்டமாகும்.

வரலாறு கிளை பிரியும் இடம் 1800. அவ்வாண்டில் இலங்கைக் கடற்கரைப் பகுதிகளின் ஆங்கில ஆளுநர் ஃபிரடெரிக் நார்த், தளபதி மெக்டோவலைத் தூதனுப்பி, கண்டியில் ஆங்கிலப் படையை நிறுத்த இசைவு கேட்டார், அரசர் மறுத்தார். என் கற்பனையில் அவர் சில திருத்தங்களுடன் இசைகிறார். எனவே 1803 போரும் இல்லை, கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2-இன் கண்டி ஒப்பந்தமும் இல்லை.

காட்பாடி ஆசிரியை:

ஐயா, கும்பெனியின் படையை ஏற்றுக்கொண்ட அரசர்களின் கதி என்னவாயிற்று என்பதை அறிய நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆற்காடு அருகிலேயே இருக்கிறது. நவாபு கும்பெனியின் நண்பராகத்தான் இருந்தார். 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் அவர் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. 1855-இல் வாரிசின்றி நவாபு இறந்ததும் பட்டமும் போயிற்று. 1867-இல் ஆற்காட்டு இளவரசர் என்ற அலங்காரப் பெயர் மட்டும் கொடுக்கப்பட்டது. தஞ்சாவூரும் அதே 1855-இல் அதே காரணத்தால் முடிந்தது. நம் கைதி அரசரின் மகனும் 1843-இல் பிள்ளையின்றியே இறந்தார். நீங்கள் எழுதியிருப்பது ஆயுளை நீட்டிக்கும் மருந்து அன்று, சற்று மெதுவாகக் கொல்லும் நஞ்சு.

பாலாற்றங்கரையான்:

ஆற்காட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அம்மா. ஆனால் திருவிதாங்கூரும் அதே காலத்தில் அதே வகை உடன்படிக்கையைத்தான் செய்தது; அது 1949 வரை நிலைத்தது. தீவுகளில் டோங்காவைப் பாருங்கள்: 1875-இல் எழுதிய அரசியல் சட்டத்துடன், 1900 முதல் பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தும், தன் அரச குடும்பத்தை இன்றுவரை வைத்திருக்கிறது. வாரிசுச் சிக்கலும் கண்டிக்குப் பொருந்தாது. 1739-இல் நேரடி வாரிசின்றி அரசர் இறந்தபோது அவருடைய பட்டத்தரசியின் தம்பியையே பிரதானிகள் (கண்டியின் பெருந்தலைவர்கள்) அரியணையில் அமர்த்தினார்கள். நாயக்கர் ஆட்சி தொடங்கியதே அவ்வாறுதான்.

மலையகத்துப் பேரன்:

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து 1964-இன் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். எனவே இந்தக் குறிப்பை நான் வேறு கண்ணால் படிக்கிறேன். மன்னிக்கவும், சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இலங்கை முடியரசாக இருந்ததே இல்லை என்பது போல் விவாதம் போகிறது. 1948 முதல் 1972 மே 22 வரை அது அரசியல் சட்ட முடியரசுதான். ஆறாம் ஜார்ஜும், அவருக்குப் பின் எலிசபெத்தும் அதன் அரச தலைவர்கள். அவர்கள் சார்பில் ஆளுநர் நாயகம் கையெழுத்திட்டார். அந்த முடியின் கீழேதான் 1948-இன் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. சிறுபான்மையினரைக் காக்கவென்றே அப்போதைய அரசியல் சட்டமான சோல்பரி சட்டத்தில் 29-ஆம் பிரிவு இருந்தது. அதை நம்பி வழக்குத் தொடுத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார்கள்; 1953-இல் அங்கும் தோற்றார்கள். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டமும் அரசியின் பெயராலேயே நடப்புக்கு வந்தது. 1964 ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்கில் எடுத்து, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. கிடங்குச் சரக்கைக்கூட இதைவிட அக்கறையுடன் பிரிப்பார்கள்.

கண்டியில் இருப்பவர் லண்டனில் இருந்தவரைப் போல் நடந்துகொள்ள மாட்டார் என்பீர்கள். இன்னும் மோசமாக நடந்துகொள்வார் என்பதே என் ஐயம். நாயக்க அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, 1753-இல் உபசம்பதையை, அதாவது பிக்குகளின் முழுத் துறவறச் சடங்கை, மீட்டுக் கொடுத்தவர். அவ்வளவு செய்த பின்பும், 1760-இல் பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து அவரைக் கொன்றுவிட்டுச் சயாம் இளவரசர் ஒருவரை அமர்த்தத் திட்டமிட்டார்கள். அந்நியர் என்ற பழி தலைமேல் தொங்கும் அரசர், தமிழ்க் கூலிக்காகச் சட்டத்தைத் திருப்பி அனுப்புவாரா? தன் முடியைக் காக்கவே முதலில் கையெழுத்திடுவார்.

திருவிதாங்கூர் உதாரணமும் உங்களுக்கு உதவாது. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஒரு வெள்ளையருக்குக் குத்தகைக்கு விட்டது. அங்கும் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்துதான் ஆள்களைக் கொண்டுபோனார்கள். சொந்த அரசர் இருந்தாலும் தோட்டம் வந்தே தீரும்.

பாலாற்றங்கரையான்:

தோட்டம் வரும் என்பதை என் குறிப்பு மறுக்கவில்லை. ஆனால் 1760-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 1817-ஐ விட்டுவிட்டீர்கள். அரசரை அப்புறப்படுத்திய இரண்டே ஆண்டுகளில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, மக்கள் பின்தொடர்ந்தது நாயக்க அரசரின் உறவினன் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனை. அவன் உண்மையில் நாயக்கனும் அல்லன். என்றாலும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்ததால்தானே அதைப் பூண்டான்? அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கண்டிப் பிரதானி கெப்பெட்டிப்பொலவே கிளர்ச்சியில் சேர்ந்து 1818-இல் தலை வெட்டப்பட்டார். அந்நியர் என்ற பேச்சைப் பிரதானிகள் தமக்கு வேண்டும்போது எடுத்தார்கள், வேண்டாதபோது மடித்து வைத்தார்கள். 1815 ஒப்பந்தம்தான் அரசரின் ஆண் உறவினர்களுக்குக் கண்டியில் இடமில்லை என்று அதைச் சட்டமாக்கியது.

மேலும், அமைச்சரவை சொன்னதற்குக் கையெழுத்திடுவதைத் தவிர எலிசபெத்துக்கு வழியில்லை. என் அரசருக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எழுத்திலேயே உள்ளது.

காட்பாடி ஆசிரியை:

எழுத்தில் உள்ள அதிகாரம் எத்தனை நாள் தங்கும்? ஹவாய் 1840-இலேயே அரசியல் சட்டம் எழுதிக்கொண்ட தீவு முடியரசு. கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆதரவாளர்கள் 1887-இல் அரசரை மிரட்டிப் புதிய சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1893-இல் அரசியையே இறக்கினார்கள். 1898-இல் அமெரிக்கா அதை இணைத்துக்கொண்டது. கண்டியில் கரும்புக்குப் பதில் காப்பி. டோங்காவில் அத்தகைய பெருந்தோட்டங்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மலையகத்துப் பேரன்:

இன்னொன்று. அரசர், பிரதமர், நாடாளுமன்றம் எல்லாம் உங்கள் குறிப்பில் உள்ளன. குடிமக்கள் யார் என்ற வரி மட்டும் இல்லை. அதை எழுதுங்கள், பிறகு உங்கள் அரசரைப் பற்றிப் பேசலாம்.

பாலாற்றங்கரையான்:

சேர்த்துவிட்டேன்: "முடியரசின் எல்லைக்குள் பிறந்த எவரும், பெற்றோர் எங்கிருந்து வந்தவராயினும், பிறப்பாலேயே குடிமக்கள்."

மலையகத்துப் பேரன்:

இந்த வரியை ஏற்கிறேன். ஆனால் 1948-இல் இவ்வரி மட்டும் இருந்திருந்தால், தலைவர் அரசரா குடியரசுத் தலைவரா என்று எங்கள் தாத்தா கேட்டிருக்கவே மாட்டார். உங்கள் அரசர் இதற்கு எதற்கு?

பாலாற்றங்கரையான்:

நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் அவ்வரியை நீக்க வரும்போது, ஒருமுறையாவது திருப்பி அனுப்புவதற்கு. 1948-இல் அதைச் செய்ய ஒருவரும் இல்லை.