எடுத்த இடத்திலேயே ஒரு கிட்னியா?

கோட்டைவாசல்:
உறுப்புக் கொடையாளருக்கு அரசு மரியாதை என்று அறிவித்ததுமே உறுப்புத் தட்டுப்பாடு தீர வழி பிறந்துவிட்டது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார், அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எடுத்த உறுப்பு எங்கே போகிறது? தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவு என்றால் ஒரு கிட்னி அங்கேயே காத்திருக்கும் நோயாளிக்கு, இன்னொன்றுதான் பொது வரிசைக்கு. வீட்டார் ஊருக்குக் கொடுத்ததில் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பங்கு?

காட்பாடி ஜங்ஷன்:
அண்ணே, அந்த நோயாளியும் உறுப்பு ஒதுக்கும் அரசு அமைப்பான டிரான்ஸ்டானில் பதிந்து வரிசையில் நிற்பவர்தானே, ஆஸ்பத்திரி முதலாளியின் மச்சானா? மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேரம் விட்டு இரண்டு தடவை சோதிக்க வேண்டும், அதுவரை வென்டிலேட்டரில் வைத்து ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி இவ்வளவு மெனக்கெடும்? என் மாமா பையன் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறான். எங்கே தங்கினால் என்ன, யாருக்காவது கிடைத்தால் சரி.

கோட்டைவாசல்:
தங்குகிறதா, இல்லையா?

ஆம்பூரான்:
தங்குகிறது! போதுமா? அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தால் முதல் உரிமை அரசு ஆஸ்பத்திரிக்கு, அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். முதல்வர் காப்பீட்டில் ஏழைக்கும் மாற்று அறுவை நடக்கிறது, அதையும் காணோம். குறை சொல்வதற்கென்றே கணக்கு ஆரம்பித்தீர்களா சார்?

கோட்டைவாசல்:
ஆக, தங்குகிறது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இனி மரியாதைக்கு வருவோம். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, எந்த மலர்வளையத்துக்காகக் கொடுத்தார்கள்? தமிழ்நாடே அதைப் பார்த்துத்தான் அசைந்தது, அரசுத் திட்டமும் அந்த வருடம்தான் வந்தது. மக்கள் கொடுப்பார்கள். கொடுத்தது எங்கே போகிறது என்ற சந்தேகம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. 2018-ல் வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயம் போன விவகாரம் மறந்துபோச்சா?

காட்பாடி ஜங்ஷன்:
அது இதயம். நீங்கள் கேட்டது கிட்னி.

கோட்டைவாசல்:
இரண்டும் உடம்புக்குள்தான் இருக்கிறது தம்பி.

பாலாற்றுமணல்:
இவ்வளவு சண்டை எதற்கு? ஸ்பெயின் மாதிரி சட்டம் போடுங்கள், வேண்டாம் என்று எழுதிவைக்காதவர் எல்லாரும் கொடையாளர். முடிந்தது வேலை.

ஆம்பூரான்:
ஸ்பெயினிலும் வீட்டாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. அவர்கள் சாதித்தது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதற்கென்று ஆள் வைத்ததால். நம் ஊரில் ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் போய்ப் பேசப் பயிற்சி உள்ளவர்கள் எத்தனை பேர்? உறுதிமொழி அட்டை சட்டைப்பையில் இருந்தாலும் கடைசியில் சித்தப்பா ஒருவர் "முடியாது" என்றால் முடியாதுதான்.

பாலாற்றுமணல்:
வேலூர்க்காரனுக்கு ஆம்பூர்க்காரர் பாடம் எடுக்க வேண்டாம். இந்தியாவிலேயே வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-ல் எங்கள் சி.எம்.சி.யில், அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது.

ஆம்பூரான்:
அது உயிரோடு இருந்தவர் கொடுத்தது. மூளைச்சாவைச் சட்டம் ஏற்றதே 1994-ல். அப்புறம், "எங்கள்" என்று ரொம்பத் துள்ள வேண்டாம், அவர்களின் புது வளாகம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

பாலாற்றுமணல்:
2019-ல் கோடு போட்டுப் பிரித்துவிட்டால் ஆச்சா? ஆம்பூரும் அதுவரை எங்களோடுதானே இருந்தது. திருப்பத்தூர்க்காரர் ஆனதும் இந்தப் பேச்சு!

கோட்டைவாசல்:
மாவட்டச் சண்டையை வேறு இழையில் வையுங்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு கிட்னி அங்கேயே தங்கும் என்பதைக் கையெழுத்து வாங்கும்போது வீட்டாரிடம் சொல்கிறார்களா? எங்கள் உறவில் ஒரு பையனுக்கு விபத்து நடந்தபோது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டினார்களே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்கள் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்கள். போன உறுப்புகள் போனதுதான். இன்னொன்று, கட்டிய பெண்டாட்டி உயிரோடு கிட்னி கொடுத்தால் மலர்வளையமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. உயிரோடு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்குபவர்களில் ஆண்கள். அதற்கு எந்த ஆபீசர் வருகிறார்?

காட்பாடி ஜங்ஷன்:
அதாவது, யாரோ சரியாகச் சொல்லவில்லை என்று உங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் இங்கே விதி என்ற பெயரில் இறக்கிவைக்கிறீர்கள். வரிசையில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்?

கோட்டைவாசல்:
வீட்டு விஷயத்தை இழுக்காதே.

காட்பாடி ஜங்ஷன்:
இழுத்தது நீங்கள்.

பாலாற்றுமணல்:
எது எப்படியோ, இதயத்துக்கு நாலு மணி நேரம்தான் கெடு. எங்கள் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டினால் எந்த விதியும் காப்பாற்றாது.

ஆம்பூரான்:
போலீஸ் வழி ஒதுக்கித் தருவதெல்லாம் தெரியாதா? வேலூர்க்காரர் வேலூரைவிட்டு வெளியே வந்து பார்க்கணும்.

பாலாற்றுமணல்:
வந்து எங்கே பார்ப்பது, வாணியம்பாடியிலா?

கோட்டைவாசல்:
சொல்கிறார்களா, இல்லையா? அதற்குப் பதில் தெரிந்தவர் மட்டும் எழுதுங்கள், மற்றவர்கள் போய் பிரியாணி சாப்பிடுங்கள்.

ஆம்பூரான்:
பிரியாணியைத் தொட்டால் நடப்பதே வேறு சார்.