டீ பேக்டரி அடுப்புல தீக்காயம், ஓனர் 50,000 குடுத்து கையெழுத்து கேக்குறாரு, போடலாமா?

கோத்தகிரி_பனி | 2024 ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். இது எங்க அக்கா வீட்டுக்காரர் விஷயம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. மச்சானுக்கு வயசு 35. கோத்தகிரி பக்கம் ஒரு பாட்லீஃப் பேக்டரி (வெளிய பச்சை இலை வாங்கி டீத்தூள் பண்ற இடம்), பேர் வேணாம், அங்க இலையைக் காய வைக்கிற ட்ரையருக்கு சூடு போற அடுப்புல விறகு தள்ளுற வேலை, ஒம்பது வருஷமா அதே இடம். போன நவம்பர்ல நைட் ஷிப்ட், மழை பிச்சிகிட்டு ஊத்துது, கரண்ட் போயிருக்கு, ஜெனரேட்டர் போட ஒரு பையன் ஓடியிருக்கான், அதுக்குள்ள உள்ள புகை முட்டுதேன்னு இவரு அடுப்புக் கதவைத் திறந்திருக்காரு. தீ அப்படியே வெளிய பாஞ்சிருச்சு. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும், கழுத்து, வலது கன்னம்.

108 வந்து கோத்தகிரி ஜிஎச் கொண்டு போனாங்க, அங்கருந்து ராத்திரியோட ராத்திரியா கோயம்புத்தூர். 41 நாள் பெட்டுல இருந்தாரு, தொடையில தோல் எடுத்து கையில வச்சாங்க. இப்ப வலது கையில மூணு விரல் மடங்கினது மடங்கினபடியே இருக்கு, கழுத்தை இடது பக்கம் முழுசா திருப்ப முடியல.

ஓனர் முதல் வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து 30,000 குடுத்தாரு, இல்லைன்னு சொல்லல. அப்புறம் ஆளைக் காணோம். போன வாரம் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரை நீட்டுறாரு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரெடியா இருக்கு. 50,000 தர்றோம், இனிமே எந்த கோரிக்கையும் இல்லைன்னு எழுதியிருக்கு. அக்கா கையெழுத்து போடப் போயிட்டா, நான்தான் ரெண்டு நாள் டைம் கேட்டு வச்சிருக்கேன்.

இன்னொரு தலைவலி. ஏ.ஆர். (ஆஸ்பத்திரியில விபத்துக் காயத்தைப் பதியிற ரிஜிஸ்டர்) காப்பி வாங்கிப் பாத்தா "வீட்டில் சுடுதண்ணீர் காய வைக்கும்போது" ஏற்பட்ட காயம்னு இருக்கு! அன்னைக்கு கூட வந்த சூப்பர்வைசர் டாக்டர்கிட்ட அப்படி சொல்லியிருக்காரு. அக்கா ஊர்லயே இல்ல, மச்சான் பேசுற நிலைமையில இல்ல. இது இருந்தா கேஸே நிக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரு. இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. சம்பளம் 12,000, பேங்க்ல வரும், பி.எஃப். பிடிக்கிறாங்க.

ஓனர் கெட்டவர்னு சொல்ல மனசு வரல. அக்கா கல்யாணத்துக்கு சொல்லாமலே வந்து மொய் வச்சவரு. அப்பா சிலோன்லருந்து வந்து நின்னப்ப முதல்ல வேலை குடுத்தது அவங்க குடும்பம்தான். அதனாலதான் வீட்ல எல்லாரும் தயங்குறாங்க. என்ன பண்றது?

இலைக்கார_அண்ணன்

தம்பி, கேக்கவே கஷ்டமா இருக்கு. நான் ஒன்றரை ஏக்கர்ல இலை வச்சு பேக்டரிக்கு போடுற ஆளு, அதுக்கு முன்னாடி ட்ரையர்லயே நாலு வருஷம் நின்னவன். புகையை சிம்னி பக்கம் இழுக்கிறதே கரண்ட்ல ஓடுற ஃபேன்தான். அது நின்னா உள்ள இருக்கிற தீக்கு போக்கிடம் இல்ல, கதவைத் திறந்த உடனே காத்து உள்ள போயி தீ ஆள் மேல வரும். ஃபேன் ஓடாம கதவைத் தொடாதேன்னு எங்க பழைய டீமேக்கர் திட்டித் திட்டி சொல்லிக் குடுத்தாரு. உங்க மச்சானுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, முகத்துக்கு ஷீல்டு, கைக்கு உறை ஏதாவது குடுத்தாங்களா, அதைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு பாதி இடத்துல சாக்குப் பையை நனைச்சு கையில சுத்திக்கிறதுதான் கிளவுஸ்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப பேக்டரிக்காரங்களும் நல்லா இல்ல. கேஸ்னு போனா இங்க வேற எந்த பேக்டரியும் உங்க வீட்டு ஆளுக்கு வேலை தராது, சின்ன ஊரு. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரை வச்சு பேசி ஒரு லட்சத்துக்கு ஏத்தி முடிச்சுக்கோங்க. அவரு கதவைத் திறந்தது தப்புதானேன்னு அவங்க வக்கீல் கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

லேபர்_கோர்ட்_படிக்கட்டு

நான் தொழிலாளர் கேஸ் பாக்குற வக்கீல், கீழ கோயம்புத்தூர்ல. அண்ணன் கேட்ட கேள்விக்கே முதல்ல பதில். 2023ல விபத்து நடந்தப்ப நடைமுறையில இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ல யார் தப்புங்கிறது கேள்வியே இல்ல. வேலை நேரத்துல, வேலையால காயமா, அவ்வளவுதான். குடிச்சிருந்தாரு, இல்ல பாதுகாப்புக்குன்னு தெளிவா சொன்ன விதியை வேணும்னே மீறினாருன்னு முதலாளி நிரூபிச்சா மட்டும்தான் தப்பிக்கலாம், அதுவும் சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது. புகை முட்டுதேன்னு கதவைத் திறந்தது "வேணும்னே மீறினது" ஆகாது, அவசரத்துல செஞ்சது.

இ.எஸ்.ஐ. இல்லைன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னு நினைக்காதீங்க, நேர்மாறா யோசிங்க. டீ தயாரிக்கிற வேலையை மட்டும் பண்ற பேக்டரியை இ.எஸ்.ஐ. சட்டம் சீசன் பேக்டரின்னு வெளிய வச்சிருக்கு. இ.எஸ்.ஐ. இருந்திருந்தா 1923 சட்டத்துல கேக்கவே முடியாது. இல்லாததால ஓனர்கிட்ட நேரடியா கேக்கலாம்.

இப்ப கணக்கு. முழு நிரந்தர ஊனம்னா மாசச் சம்பளத்துல 60 சதவீதம், அதை வயசுக்குத் தகுந்த எண்ணால பெருக்கணும். 35 வயசுக்கு அது 197.06. 12,000ல 60 சதவீதம் 7,200, பெருக்கினா 14,18,832. உங்க மச்சானுக்கு பகுதி ஊனம்தான், அதனால சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறைஞ்சதுன்னு டாக்டர் மதிப்பிடணும். சும்மா உதாரணத்துக்கு 40 சதவீதம்னு வச்சா 5,67,532 வருது. இதுல நல்லா கவனிங்க, மாற்றுத்திறனாளி அட்டையில போடுற சதவீதம் வேற, சம்பாதிக்கிற திறன் இழப்பு வேற. கை மூணு விரல் மடங்கினா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு ஒரு மாதிரி, விறகு தள்ளுறவருக்கு வேற மாதிரி. 1976லயே ஒரு தச்சருக்கு இடது கை போனதும் இனிமே அவரால தச்சு வேலை பாக்க முடியாது, அதனால இது முழு ஊனம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. டாக்டர்கிட்ட போறப்ப அவரு என்ன வேலை, எத்தனை கிலோ கட்டை தூக்குவாருன்னு வாயால சொல்லணும், இல்லன்னா விரலை மட்டும் பாத்து எழுதிடுவாங்க.

இது போக, வேலைக்குப் போக முடியாத மாசங்களுக்கு 15 நாளுக்கு ஒரு தடவை சம்பளத்துல கால் பங்கு. 3,000 + 3,000, மாசம் 6,000. ஏழு மாசத்துக்கு 42,000. அதாவது அவங்க "முழு செட்டில்மென்ட்"னு நீட்டுற 50,000, வீட்ல படுத்திருந்த நாளுக்கே கிட்டத்தட்ட சரியாப் போச்சு, கைக்கு ஒண்ணுமே இல்ல. (பின்னாடி மொத்தமா வர்ற தொகையில இதைக் கழிப்பாங்க, அது வேற.) வைத்தியத்துக்கு ஆன செலவு முழுசும் பில்லைக் காட்டி கேக்கலாம். அவரு குடுத்த 30,000 ஆஸ்பத்திரி செலவுக்குன்னா அதை ஊனத்துக்கான தொகையில கழிக்க முடியாது. ஒரு மாசத்துக்குள்ள கட்டாததுக்கு 12 சதவீதம் வட்டி, காரணமே இல்லாம இழுத்தா 50 சதவீதம் வரைக்கும் அபராதம்.

பேப்பர் விஷயம்: உரிமையை விட்டுக் குடுக்கிறேன்னு எழுதி வாங்கினா சட்டப்படி அது செல்லாது. சமரசம்னா ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையர்கிட்ட (இந்த கேஸை விசாரிக்கிற தொழிலாளர் துறை அதிகாரி) பதிவு பண்ணணும், தொகை ரொம்ப கம்மியா இருந்தா அவரே பதிவு பண்ண மறுக்கலாம். பதிவு பண்ணாம குடுத்தா, ஆணையர் வேற மாதிரி உத்தரவு போட்டாலொழிய, குடுத்ததுல பாதிக்கு மேல கழிக்க முடியாது. இருந்தாலும் கையெழுத்து போடாதீங்க, போட்டுட்டா அதை உடைக்கவே ஒரு வருஷம் ஓடிரும்.

ஏ.ஆர். பத்தி. பயப்படாதீங்க, அதுலயே "கூட்டி வந்தவர்"னு ஒரு இடம் இருக்கும், யார் பேர் இருக்குன்னு பாருங்க. சூப்பர்வைசர் பேர்னா, வீட்ல சுடுதண்ணி காய வச்சவரை நடுராத்திரி பேக்டரி சூப்பர்வைசர் ஏன் தூக்கிட்டு வந்தாருன்னு குறுக்கு விசாரணையில ஒரே ஒரு கேள்வி போதும். 108 வண்டி எங்கருந்து ஏத்துச்சுன்னு அவங்ககிட்ட பதிவு இருக்கும், கோயம்புத்தூர் கேஸ் ஷீட்ல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. ஆவணத்தை வரவழைக்க ஆணையருக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. எஃப்.ஐ.ஆர். இல்லாட்டியும் கேஸ் நிக்கும். 48 மணி நேரத்துக்கு மேல வேலைக்கு வர முடியாத காயம்னா மேனேஜர் பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பணும், அனுப்பினாங்களான்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. அனுப்பலைன்னா அதுவும் உங்களுக்கு நல்லதுதான்.

விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள ஆணையர்கிட்ட மனு போடணும், 2025 நவம்பர் வரைக்கும் டைம் இருக்கு, அதுக்காக தூங்கிராதீங்க.

வர்க்கி_தழும்பு

வக்கீல் சார் எல்லாம் சொல்லிட்டாரு, நான் பட்டதை மட்டும் சொல்றேன். ஊட்டியில ஒரு பேக்கரியில வர்க்கி போடுற அடுப்புகிட்ட வேலை பாத்தேன், 2016ல கொதிக்கிற டால்டா சாஞ்சு இடது கை. முதலாளி அழுதாரு, நானும் அழுதேன், 40,000 வாங்கிட்டு கையெழுத்து போட்டேன். ஆறு மாசம் கழிச்சுதான் தெரியுது, தழும்பு ஆறினதும் நிக்காதுங்க, அப்புறம்தான் இழுக்க ஆரம்பிக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் வரைக்கும் தடிச்சு இறுகிட்டே போகும். எனக்கு ரெண்டாவது ஆபரேஷன் ஆச்சு, அந்த செலவு என் தலையில. அதனால டாக்டர் சதவீதம் எழுதுறதுக்கு முன்னாடி இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமான்னு கேட்டு அதையும் எழுதி வாங்குங்க.

இறுக்கிப் பிடிக்கிற அந்த பிரஷர் உறை குடுத்தாங்களா? நாள் முழுக்க போட்டிருக்கணும், குளிக்க மட்டும் கழட்டணும். நம்ம ஊர் டிசம்பர் குளிர்ல தோல் வறண்டு வெடிக்கும், எண்ணெய் தடவி விரலை நீட்டுற பயிற்சியை விடாம பண்ணச் சொல்லுங்க. உறை தேஞ்சா புதுசு வாங்கணும், அந்த பில்லை எல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டு வைங்க. நான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன்.

இலைக்கார அண்ணே, வேற வேலை தரமாட்டாங்கன்னு சொல்றீங்க. மூணு விரல் மடங்கின கைக்கு எந்த பேக்டரி அண்ணே விறகு தள்ளுற வேலை தரப் போகுது?

இலைக்கார_அண்ணன்

நீ சொல்றது சரிதான்மா. நான் ஊர்ப் பகையை நினைச்சு சொன்னேன். வக்கீல் சார், ஓனர் நல்லவரா இருந்தும் கையில காசு இல்லைன்னா?

லேபர்_கோர்ட்_படிக்கட்டு

பல பேக்டரியில இதுக்குன்னே இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வச்சிருப்பாங்க, பெரும்பாலும் கேஸ் போட்டாத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். கேஸ் இல்லாம ஓனர் தன் கைக்காசைத் தர்றாருன்னா பாலிசி இருக்கான்னு ஒரு தடவை மரியாதையா கேட்டுப் பாருங்க. பாலிசி இருந்தா ஓனர் கைக்காசு பெரும்பாலும் தப்பிச்சிரும், பகையும் அவ்வளவா இருக்காது. வக்கீல் ஃபீஸ்க்கு பயப்பட்டா ஊட்டி கோர்ட்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, தொழிற்சாலைத் தொழிலாளி, இவங்களுக்கெல்லாம் இலவசம். 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

கோத்தகிரி_பனி | 2024 ஜூன் 16

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏ.ஆர். காப்பியை மறுபடி எடுத்துப் பாத்தேன், கூட்டி வந்தவர் பேர் சூப்பர்வைசரேதான், நேரம் 1.50னு இருக்கு. கோயம்புத்தூர் டிஸ்சார்ஜ் சம்மரியில "பேக்டரி அடுப்பு"ன்னு தெளிவா போட்டிருக்காங்க, இத்தனை நாள் அக்கா பீரோவுல சேலைக்கு அடியில கிடந்திருக்கு.

ஓனரை நானும் மச்சானும் நேர்ல போயி பாத்தோம். டீ குடுத்தாரு. மச்சானால டம்ளரை வலது கையில பிடிக்க முடியல, இடது கையில வாங்கினாரு, ஓனர் அதையே பாத்துட்டு இருந்தாரு. இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டேன், இருக்கு, ஆனா கணக்குப்பிள்ளை வேணாம்னு சொன்னான்னாரு, அதுக்கு மேல ஒண்ணும் பேசல. பேப்பரை திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டோம். செவ்வாய்க்கிழமை குன்னூர்ல தொழிலாளர் துறை ஆபீஸ்ல விசாரிக்கப் போறோம். என்னென்ன கொண்டு போகணும்?

லேபர்_கோர்ட்_படிக்கட்டு

ஆதார், வயசுக்கு பள்ளிக்கூட சர்டிபிகேட், சம்பளம் வந்த பேங்க் பாஸ்புக், பி.எஃப். விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி, பில் எல்லாம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலை யார்கிட்டயும் குடுத்துட்டு வராதீங்க. ஜெனரேட்டர் போட ஓடின பையன் இப்பவும் அங்கதான் இருக்கானா, சாட்சிக்கு வருவானான்னு மெதுவா கேட்டு வைங்க.

வர்க்கி_தழும்பு

கையை போட்டோ எடுத்து வைங்க தம்பி. விரலை நீட்ட முயற்சி பண்றப்ப ஒண்ணு, மடக்கினப்ப ஒண்ணு, கழுத்தைத் திருப்புறப்ப ஒண்ணு. மத்தியானம் மேகம் ஏறி வர்றதுக்கு முன்னாடி, வெளிய வெளிச்சத்துல எடுங்க, லைட் போட்டு எடுத்தா தழும்பு சரியா தெரியாது.