கிராபிக்ஸ் கார்டு: மதுரை விலையை எந்த ஊர் விலையோடு, எப்படி ஒப்பிடுவது?

கூடல்நகர் எடிட்டர்
2021 ஜூலை 25

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். என்னிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டில் (கணினியில் காட்சி வேலைகளைக் கவனிக்கும் பலகை) நினைவகம் 4 ஜிபி மட்டுமே. 4கே காட்சிகளை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஏற்றி நிறம் திருத்தத் தொடங்கினால், இரண்டு மூன்று நோடுகள் (நிறத்திருத்தப் படிகள்) சேர்த்ததுமே கார்டின் (ஜிபியு) நினைவகம் நிரம்பிவிட்டது என்று திரையில் செய்தி வந்து வேலை நின்றுவிடுகிறது. தாலி கட்டும் காட்சியைத் தனியே வெட்டி, தனியே ரெண்டர் செய்து, பிறகு மற்றவற்றோடு சேர்த்து ஒப்பேற்றிக் கொண்டிருக்கிறேன். இப்போது ஆடி என்பதால் மூச்சுவிட நேரம் இருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டால், ஊரடங்கால் தள்ளிப்போன கல்யாணங்களும் சேர்ந்து வரிசையாக நிற்கின்றன.

12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 எனக்குப் போதும். பிப்ரவரியில் அது வெளியானபோது அமெரிக்காவில் 329 டாலர் என்றும், இந்தியாவில் 29,500 ரூபாய் என்றும் அதன் நிறுவனமான என்விடியா அறிவித்தது. சென்ற வாரம் மதுரையில் மூன்று கடைகளில் விசாரித்தேன். முதல் கடையில் பில்லோடு 58,000 ரூபாய். இரண்டாம் கடையில் 54,000 ரூபாய்தான், ஆனால் 650 வாட் பவர் சப்ளையும் ஒரு கேபினட்டும் சேர்த்து வாங்கினால்தான் கார்டைத் தருவார்களாம். மூன்றாம் கடையில் 52,000 ரூபாய் ரொக்கம், பில் கிடையாது.

மனம் பொறுக்காமல் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்டேன். துபாயில் இருக்கும் மைத்துனர் 2,350 திர்ஹாம் என்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், சிம் லிம் ஸ்கொயர் கடைகளில் 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொல்வதாக எழுதியிருக்கிறான். ஜெர்மனியில் இருக்கும் கல்லூரித் தோழர் 499 யூரோவுக்குப் பார்த்திருக்கிறார். இன்றைய மாற்று விகிதத்தில் இவை முறையே ஏறத்தாழ 47,600, 46,500, 43,800 ரூபாய் ஆகின்றன. அமெரிக்காவின் 329 டாலரோ 24,500 ரூபாயைத் தாண்டவில்லை. அப்படியென்றால் மதுரையில் நம்மிடம் இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறார்களா? மைத்துனர் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஊருக்கு வருகிறார். அவரை வாங்கிவரச் சொல்வது சரியாக இருக்குமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பற்றுவரவு (அண்ணாநகர், மதுரை)

எடிட்டர் அவர்களுக்கு வணக்கம். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், உங்கள் எண்களை அப்படியே ஒப்பிடுவதில் உள்ள பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரே வரிசையில் வைத்திருக்கும் ஐந்து விலைகளும் ஐந்து விதமானவை. அமெரிக்க விலை வரி சேராத விலை. அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், பில் போடும்போதுதான் அதைச் சேர்ப்பார்கள். மற்ற நான்கிலும் வரி உள்ளேயே இருக்கிறது: துபாயில் 5 சதவீதம், சிங்கப்பூரில் 7, ஜெர்மனியில் 19, நம் ஊரில் ஜிஎஸ்டி 18. மேலும், 329 டாலர் என்பது அறிவிப்பு விலை. அந்த விலைக்கு அமெரிக்காவில் கார்டு கையில் கிடைப்பது அரிதிலும் அரிது. டல்லாஸில் இருக்கும் என் தங்கை கணவர் சென்ற மாதம் இதே கார்டை 590 டாலருக்கு வாங்கி, அதன்மேல் எட்டேகால் சதவீதம் வரியும் கட்டினார். சீனாவில் தயாராகும் கார்டுகளுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த வரிவிலக்கு காலாவதியாகி, 2021 ஜனவரி முதல் 25 சதவீதக் கூடுதல் சுங்கவரி அங்கே திரும்பிவிட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே வரியை எல்லா இடத்திலும் உரித்தெடுத்துவிட்டுப் பாருங்கள். மதுரையின் 58,000 ரூபாய் 49,150 ஆகிறது. துபாய் 45,300, சிங்கப்பூர் 43,450, டல்லாஸ் 43,900, ஜெர்மனி 36,800. சிங்கப்பூருக்கும் நமக்கும் 11,500 ரூபாய் வித்தியாசம் போலத் தெரிந்தது, உண்மையில் 5,700 ரூபாய்தான். பிப்ரவரி விலையையும் இப்படியே பாருங்கள். 29,500 ரூபாயிலிருந்து ஜிஎஸ்டியைக் கழித்தால் மிகச் சரியாக 25,000 வருகிறது. அன்றைய டாலர் மதிப்பில் 329 டாலர் என்பது 24,000 ரூபாய். கம்ப்யூட்டர் உதிரிபாகம் என்ற வகையில் முறைப்படி இறக்குமதியாகும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடிப்படைச் சுங்கவரி இல்லாததால், அறிவிப்பு விலையில் இந்தியர்களுக்கென்று பெரிய சுமை எதுவும் ஏற்றப்படவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

எனவே, ஒவ்வொரு ஊரிலும் இன்றைய விலை அந்த ஊரின் அறிவிப்பு விலையைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டல்லாஸில் 1.8 மடங்கு. ஜெர்மனியில் அறிவிப்பு விலை 329 யூரோ, ஆகவே ஒன்றரை மடங்கு. மதுரையில் ஏறத்தாழ 2 மடங்கு. அமெரிக்காவுக்கும் நமக்கும் இடையே நிற்கும் அந்தச் சிறு இடைவெளிதான் இங்குள்ள விநியோகஸ்தரும் கடைக்காரரும் கூடுதலாக வைத்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இரண்டு மடங்கு விலை முழுவதையும் மதுரைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

உசிலம்பட்டி ஆறு கார்டு

எடிட்டர் அண்ணன் மன்னிக்க வேண்டும், இந்த விலையேற்றத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. ஜனவரி முதல் ஆறு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டுகளை வைத்து எத்தீரியம் மைனிங் (கார்டுகளை இடைவிடாமல் கணக்குப் போடவைத்து எத்தர் என்ற மின்னணு நாணயத்தை ஈட்டுவது) செய்து வருகிறேன். மாடி அறையில் ஓர் இரும்பு ரேக்கில் ஆறும் வரிசையாகத் தொங்குகின்றன. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியாது, இரண்டு பெடஸ்டல் ஃபேன்கள் இரவும் பகலும் ஓடும். ஃபேன்களையும் சேர்த்து ஏறத்தாழ 900 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 21 அல்லது 22 யூனிட். வணிக இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் 5 காசு என்பதால் தினம் 175 ரூபாய்க்குள் மின்கட்டணம் அடங்கிவிடுகிறது.

உலகம் முழுவதும் விலை ஏன் ஒன்றாக ஏறியது என்பதற்கு என் ரேக்கே விடை. ஒரு கார்டு உசிலம்பட்டியில் எவ்வளவு எத்தர் ஈட்டுகிறதோ, அதே அளவைத்தான் பெர்லினிலும் துபாயிலும் ஈட்டும். மே மாதத்தில் ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்று நாளொன்றுக்குப் பத்து டாலருக்கு மேல் சம்பாதித்த நேரத்தில், அது எந்த நாட்டில் மலிவாக இருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் அங்கே போய் அள்ளிவிடுவோம். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறிவிட்டது என்று நிலக்கோட்டைக்கு வண்டியை விட்டால், அங்கே நேற்றைய விலைக்கா கிடைக்கும்? போன் அதற்கு முன்பே போயிருக்கும்.

உற்பத்திப் பக்கமும் நெருக்கடிதான். இந்த வரிசை கார்டுகளின் சில்லுகள் சாம்சங்கின் 8 நானோமீட்டர் ஆலையில் தயாராகின்றன. ஜிடிடிஆர்6 நினைவகச் சில்லுகளுக்கும், சில்லைப் பொருத்தும் அடித்தட்டுக்கும்கூடத் தட்டுப்பாடு. இந்த ஆண்டின் பெரும்பகுதியில் தேவை வரத்தை மிஞ்சியே இருக்கும் என்று என்விடியாவே ஏப்ரலில் சொல்லிவிட்டது.

ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 3060 கார்டில் மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் தடை தொடக்கத்திலிருந்தே உண்டு. மார்ச் மாதம் என்விடியா வெளியிட்ட ஒரு சோதனை டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) அந்தத் தடை தவறுதலாக நீங்கிவிட்டதால் அப்போது எல்லோரும் அதையும் வாங்கிக் குவித்தோம். இப்போது வரும் புதிய சரக்கில் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் மே, ஜூன் மாதங்களில் மைனிங் கூடங்களை மூடவைத்த பிறகு வருமானமும் குறைந்துவிட்டது. மே மாதம் என் கார்டுகள் ஈட்டியதில் பாதிகூட இம்மாதம் வரவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் எத்தீரியத்தில் வரும் மாற்றத்தால், பரிமாற்றக் கட்டணத்தின் பெரும்பகுதி எங்கள் கைக்கு வராமல் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே, கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்க இடமிருக்கிறது.

ஸ்டுட்கார்ட் சரவணப்பொய்கை

மேலே சகோதரர் சொன்னதை ஜெர்மனியிலிருந்து உறுதிப்படுத்துகிறேன். த்ரீடிசென்டர் என்ற தளம் இங்குள்ள கடை விலைகளை அறிவிப்பு விலையோடு தொடர்ந்து ஒப்பிட்டு வருகிறது. என்விடியா கார்டுகள் மே மாத நடுவில் மூன்று மடங்கைத் தொட்டன; இம்மாதம் ஒன்றரை மடங்கு அளவுக்கு இறங்கிவிட்டன. நான் மே மாதம் வாங்காமல் விட்டதற்காக இன்று மகிழ்கிறேன். இந்த இறக்கம் உங்கள் ஊருக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம், ஏனென்றால் உயர்ந்த விலையில் எடுத்த பழைய சரக்கை நட்டத்துக்கு விற்க எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார்.

ஜுராங் மேலூரான்

சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன், சொந்த ஊர் மேலூர். சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு உங்கள் அக்கா மகனிடம் நம்பிக்கையோடு கேட்டுவிடாதீர்கள். இங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது கிடையாது.

அதைவிட முக்கியம் வாரண்டி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்காக இங்கிருந்து ஒரு கார்டு கொண்டுபோனேன். எட்டாம் மாதம் அதன் விசிறி ஒன்று சுற்றாமல் நின்றது. மதுரையில் இருந்த சர்வீஸ் மையத்தில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியச் சரக்கு இல்லை என்று மேசைமேலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். தம்பி அந்த அட்டைப்பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு டவுன்ஹால் ரோடு வரை நடந்தே வந்ததாகச் சொன்னான். மறுபடி நான் ஊருக்கு வந்து திரும்பும்போது அதை எடுத்து வந்துதான் மாற்ற முடிந்தது, அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. எல்லாத் தயாரிப்பாளர்களும் இப்படி இல்லை, சிலர் எந்த நாட்டில் வாங்கினாலும் ஏற்கிறார்கள். ஆனால், வாங்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தத்தின் நடுவில் கார்டு கைவிட்டால் உங்கள் தொழில் என்னாவது?

பெட்டி கட்டியவன் (முன்பு ஷார்ஜா, இப்போது திருமங்கலம்)

சுங்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 38.5 சதவீதம் கட்ட வேண்டும். 47,600 ரூபாய்க் கார்டு மட்டும் என்றால் தப்பிக்கலாம். ஆனால் கூடவே ஒரு செல்போனும் பெட்டியில் இருந்தால் இரண்டின் மதிப்பையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மனைவியின் சலுகையையும் தன் சலுகையையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் கணக்குக் காட்டவும் முடியாது. கூரியரில் வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். தனிநபர் இறக்குமதியாகக் கணக்கிட்டால் எல்லா வரியும் சேர்ந்து 77.28 சதவீதம் வரும்.

கூடல்நகர் எடிட்டர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மைத்துனர் தன் தங்கைக்கு, அதாவது என் மனைவிக்கு, ஒரு செல்போன் வாங்கி வைத்திருக்கிறாராம், ஆகவே சலுகை ஏற்கெனவே பாதி தீர்ந்துவிட்டது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றால், கார்டை மாட்டிப் பழகவும் ஆடியில்தான் எனக்கு நேரம். பில் இல்லாத 52,000 ரூபாய்க் கார்டுதான் மிச்சம் போலத் தோன்றுகிறது. அதை எடுத்துவிடட்டுமா?

பற்றுவரவு

எடுக்காதீர்கள். ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரா? சிறு தொழில்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இல்லாமல், வழக்கமான முறையில் வரி செலுத்துகிறவரா?

கூடல்நகர் எடிட்டர்

ஆம். ஒரு மண்டபத்தோடு ஒப்பந்தம் செய்தபோது அவர்கள் கேட்டதால் 2019-இல் பதிவு செய்தேன். மாதாமாதம் வரி கட்டி வருகிறேன்.

பற்றுவரவு

அப்படியானால் கணக்கே மாறிவிடுகிறது. 58,000 ரூபாய்க் கார்டில் 8,847 ரூபாய் ஜிஎஸ்டி. இது உங்கள் தொழிலுக்கான கருவி என்பதால், அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கார்டின் அடக்கம் 49,153 ரூபாய்தான். பில் இல்லாத கார்டில் கழிக்க எதுவும் இல்லை, ஆகவே அது 52,000 ரூபாய். துபாய்க் கார்டில் அந்த நாட்டு வரியை இங்கே கழிக்க முடியாது, ஆகவே 47,600 ரூபாய், மேற்கொண்டு சுங்கமும் வாரண்டிச் சிக்கலும். கூடவே வேறு பொருள்களையும் வாங்கச் சொல்லும் இரண்டாம் கடையைத் தள்ளிவிட்டால், மதுரையில் விலை அதிகமாகச் சொன்ன முதல் கடைதான் உங்களுக்கு மலிவான கடை.

நேரில் போகும்போது ஜெர்மனியில் விலை இறங்கியிருப்பதைப் பக்குவமாகச் சொல்லி ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லுங்கள். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் கார்டின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியின் முத்திரையை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் கார்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். மைனிங்கில் ஓடிய கார்டுகள் புதுப் பெட்டியில் ஏறி வரும் காலம் இது.

உசிலம்பட்டி ஆறு கார்டு

விசிறி இறக்கைகளின் விளிம்பையும், பின்பக்க உலோகத் தகட்டின் திருகுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள் அண்ணே. ஓடிய கார்டு என்றால் திருகின் பள்ளத்தில் கீறல் இருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு ஓரத்தில் தெரியும். வேண்டுமானால் நானே பஸ் ஏறி வந்து உடன் நின்று பார்த்துத் தருகிறேன், செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வுதான்.