லெம்பாஸ் ரொட்டி மறுநாளே நமத்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் எல்ஃப்கள் பயணிகளுக்குக் கொடுத்தனுப்பும் லெம்பாஸ் ரொட்டியை வீட்டில் சுட முயன்றுகொண்டிருக்கிறேன். 1954இல் வெளிவந்த முதல் பாகத்திலேயே அதன் வருணனை வந்துவிடுகிறது. மெல்லிய வில்லைகள், வெளியே இளம்பழுப்பு, உள்ளே பாலாடை நிறம். உடையாமல் இலையில் பொதிந்து வைத்தால் பல நாள் கெடாது. என் மகளுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். அவளுடைய பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாட்களே இருக்கின்றன.

250 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 3 மேசைக்கரண்டி தேன், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, பிசையும் அளவுக்குப் பால். 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சுட்டேன். அடுப்பிலிருந்து எடுத்ததும் அருமை. விரலால் தட்டினால் ‘டக்’கென்று சத்தம், பிட்டால் உள்ளே அடுக்கடுக்காக வெளிர்மஞ்சள். ஆனால் ஓரங்கள் கருகிவிட்டன, மறுநாள் காலையில் மேல்தோல் பிசுபிசுத்துக் கிடந்தது.

தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும், சீக்கிரம் கருகவும் வைக்கும் என்பது தெரியும். அதற்குப் பதில் சர்க்கரை சேர்க்க எனக்கு மனமில்லை. அந்த மணம்தான் இந்த ரொட்டிக்கு உயிர் என்று நினைக்கிறேன். தேனைக் குறைக்காமல் சூட்டை 160க்கு இறக்கி நெடுநேரம் சுட்டால் உள்ளீரம் வற்றுமா? அல்லது பிஸ்கோத்தி போல இரண்டாம் முறை சுடுவது நல்லதா? அப்படிச் செய்தால் உள்ளிருக்கும் அந்த வெளிர்நிறம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பாலுக்குப் பதில் வேறு எதையாவது ஊற்றிப் பிசைந்து பார்த்தவர்கள் இருந்தால், அளவோடு எழுதுங்கள். இன்றிரவே ஒரு தட்டு சுட்டுப் பார்த்துவிடுவேன்.