பிளேரியோவோட விமான றெக்கையில வெளிச்சம் ஊடுருவுற மாதிரி ஆயில்ல எப்படி கொண்டு வர்றது?

ஆயில் பெயின்டிங் பண்ற அண்ணன்கள் அக்காக்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க. 1909 ஜூலை 25 காலைல விமானி லூயி பிளேரியோ பிரான்ஸ்ல கலே பக்கத்துல இருந்து கிளம்பி கடலைத் தாண்டி இங்கிலாந்துல டோவர் கோட்டை பக்கத்துல போய் இறங்கினாரே, அந்தப் பயணத்தைத்தான் வரையிறேன். சுமார் 36 நிமிஷம், 25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சின், மூணே சிலிண்டர், கீழ முழுக்க கடல், நினைச்சாலே சிலிர்க்குது.

அவர் வடமேற்கா போறார், சூரியன் அப்பதான் வடகிழக்குல ஏறுது, அதனால வலது பக்கத்துல இருந்து வெளிச்சம். விமானம் லேசா சாயுற நேரத்தை எடுத்திருக்கேன், றெக்கைத் துணி வழியா வெளிச்சம் வரணும், உள்ள இருக்கிற மரச்சட்டம் நிழலா தெரியணும். டைட்டானியம் வொயிட் கலந்தா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி கனமா நிக்குது. சட்டத்தை முதல்ல அம்பர்ல (மண் பழுப்பு நிறம்) போட்டு காயவிட்டு மேல மெல்லிசா கிளேஸ் (அடியில இருக்கிறது தெரியுற மாதிரி பூசுற பெயின்ட்) குடுக்கலாமா, இல்ல ஈரத்துலயே வரையலாமா? கிளேஸ்னா ஜிங்க் வொயிட் போதுமா, லின்சீட் ஆயில் எவ்வளவு சேர்க்கலாம்?

இன்னொண்ணு, விமான உடம்போட பின்பாதியில துணியே கிடையாது, வெறும் சட்டமும் இழுத்துக் கட்டின கம்பியும்தான், அதுக்கு நடுவுல கடல் தெரியணும். அந்தக் கம்பிய ரிக்கர் பிரஷ்ல (மெல்லிசான நீள முடி பிரஷ்) இழுக்கிறீங்களா, இல்ல காயுறதுக்கு முன்னாடி பெயின்ட்ட கீறி எடுக்கிறீங்களா? கேன்வாஸ் ரெண்டடிக்கு மூணடி. செஞ்சு பார்த்தவங்க படத்தோட போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.